உள்ளே யாருமில்லாத இயங்குதளம்

தெரெக்-சூ,
அக்டோபர் 11

அன்புள்ள அஜார் சித்திக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

நீங்கள் நலமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பிஷ்கெக்கில் குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே பெரியப்பா, பெரியம்மா, ஆடுகள், குதிரைகள் எல்லாம் நலம். மலை மேய்ச்சலிலிருந்து மந்தை முழுவதும் இறங்கிவிட்டது. ஒழுங்காக நலம் விசாரித்த பிறகுதான் மற்றதை எழுத வேண்டும் என்று அம்மா பழக்கியிருக்கிறாள். அதனால் இந்த அவசரத்திலும் விசாரித்துவிட்டேன்.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பீர்கள். என் போனுக்குள் பெரியப்பா மகன் எலாமான் அண்ணன் இருக்கிறான். அவன் அத்-பாஷி பஜாரில் போன் ரிப்பேர்க் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். கணவன்மார் மனைவியின் போனை அவனிடம் கொண்டுவருவார்கள், அப்பாக்கள் மகளின் போனை. உள்ளே ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுப்பான். அதன் பிறகு அந்தப் போனில் அடிப்பதெல்லாம் இன்னொரு போனில் தெரியும். என்னுடையதிலும் போட்டிருக்கிறான் என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு ஒரு வரி எழுதினேன். பயமாக இருந்ததால் அனுப்பாமலே அழித்துவிட்டேன். "எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை." அவ்வளவுதான். அன்று இரவுச் சாப்பாட்டில் எலாமான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அதை என் குரலில் சொல்லிக் காட்டினான். "எனக்கு இங்க இருக்கப் புடிக்கலம்மா, இங்க எனக்கு எலும்பாப் பாத்துப் போடுறாங்கம்மா." எலும்பு அவனே சேர்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவன் நன்றாக நடிப்பான், சித்தி. நானும் சிரித்தேன்.

அப்பா இறந்து, அம்மா ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து நான் அம்மாவுடன் தனியாகப் பேசியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் பெரியப்பாவின் போனில் கூப்பிடுவாள். போனை மேஜை நடுவில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவைத்து, எல்லோரும் சுற்றி உட்காருவார்கள். "படிக்கிறியா?" என்பாள். "படிக்கிறேன்" என்பேன்.

யாரும் கேட்காமல் ஒரே ஒரு முறை அம்மாவிடம் பேச வேண்டும். உங்களுக்குக் கணினிதானே வேலை. எலாமான் உள்ளே வர முடியாத பெட்டி ஏதாவது உலகத்தில் உண்டா?

வேன் ஓட்டும் தோக்தோசுன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன், காய்ந்த தயிர் உருண்டைப் பைக்குள் வைத்து. எல்லோரும் தூங்கிய பிறகு சாமான் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதெல்லாம் நான் படுப்பதும் இங்கேதான்.

உங்கள் உடல்நலத்துக்காக வேண்டிக்கொள்ளும்,
துமார்


பிஷ்கெக்,
அக்டோபர் 27

என் கண்ணு துமாருக்கு,

நலம். முழங்காலும் நலம், வலிக்கிறது, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லாதே. நான் எழுதியதே அவர்களுக்குத் தெரியக் கூடாதல்லவா?

நீ சொன்னபடி கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கிழித்த பிறகு எதையோ மறுபடி பார்க்கத் தோன்றி, குப்பைக் கூடையில் துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டிப் பார்த்து, மறுபடி கிழித்தேன்.

உனக்கென்று நான் அனுப்பியிருக்கும் சர்க்கரைப் பையில் கையை விட்டுப் பார். சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை இருக்கும். அது முழுக் கணினி. சாமான் அறையில் பழைய டிவி கிடந்ததே, அதில் செருகினால் போதும். விசைப்பலகையையும் காதில் மாட்டுவதையும் கூட அனுப்பியிருக்கும் போர்வைக்குள் சுற்றி வைத்திருக்கிறேன்.

இதில் எந்த இயங்குதளத்தை, அதாவது கணினியையே ஓட்டுகிற அடிப்படை மென்பொருளை, போடுவது என்றுதான் இத்தனை நாள் யோசித்தேன். சனிக்கிழமைகளில் என்னைப் போன்ற கணினிப் பைத்தியங்கள் கூடுவோம். நாலு பேர், ஒரு தேநீர்ப் பானை. அங்கே இதைச் சொன்னதும் சண்டையே வந்துவிட்டது. "சின்னப் பொண்ணு, எல்லாம் ஓடுற மாதிரி ஒண்ணப் போட்டுக் குடு அஜார், உன் பிடிவாதத்த உன்னோட வெச்சுக்கோ" என்றார் எங்களில் மூத்தவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்லோரும் போடுகிற இயங்குதளத்தைப் போட்டால் முதல் நிமிடத்திலிருந்தே எல்லாம் வேலை செய்யும். ஆனால் அதற்குள் சில மூடிய கோப்புகள் இருக்கும். செய்த கம்பெனியைத் தவிர அவற்றை யாரும் படித்ததில்லை. அநேகமாக அதில் தவறு ஒன்றும் இருக்காது. அநேகமாக.

உனக்கு "அநேகமாக" போதாது என்று பட்டது. அதனால் முழுக்கக் கட்டற்ற இயங்குதளத்தை மெமரி கார்டில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். நீ படிக்காவிட்டாலும் உலகத்தில் எங்கோ ஒரு பிடிவாதக்காரர் படித்திருப்பார். உள்ளே யாரும் ஒளிந்திருக்க முடியாது.

ஆனால் ஒரு குறை. பலகையில் இருக்கும் வைஃபை சில்லு மூடிய கோப்பு ஒன்று இல்லாமல் வாயைத் திறக்காது. கட்டற்ற இயங்குதளத்தில் அந்தக் கோப்புக்கு இடமில்லை. கேபிளில் இணைக்கலாம், ஆனால் வீட்டின் இணையப் பெட்டி எலாமானின் அறையில் அல்லவா இருக்கிறது? பலகையில் செருகுகிற, திறந்த மென்பொருளிலேயே ஓடுகிற வைஃபை குச்சி ஒன்று உண்டு. பழையது, இப்போது செய்வதில்லை. தோர்தோய் சந்தையில் தேடுகிறேன். அதுவரை உன் கணினி ஊமை. பொறுத்துக்கொள்.

அம்மா நலம்.

அன்புடன்,
அஜார் சித்தி


தெரெக்-சூ,
நவம்பர் 15

அன்புள்ள சித்திக்கு,

நலமா? நாங்கள் நலம். ஒரு ஆட்டை ஓநாய் தூக்கிவிட்டது, மற்றவை நலம்.

பலகை ஓடுகிறது. டிவியில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று இறங்கி வந்தபோது ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்துவிட்டேன். பிறகு நிறுத்தி நிறுத்திப் படித்தேன். இதைத் தேடுகிறேன், கிடைத்தது. அதை எழுப்புகிறேன், எழுந்தது. வைஃபைக்குக் கோப்பு இல்லை, விட்டுவிட்டு மேலே போகிறேன். எதைச் செய்தாலும் சொல்லிவிட்டுச் செய்கிறது. இந்த வீட்டில் அப்படி யாரும் இல்லை.

அதில் ஒரு பாம்பு விளையாட்டு இருக்கிறது. நீங்கள் சொன்னது உண்மையா என்று பார்க்க அதைத் திறந்தேன். உள்ளே எல்லாமே எழுத்தாக இருந்தது. பாதி புரியவில்லை. வேகம் என்று போட்டிருந்த இடத்தில் எண்ணை மாற்றினேன். பாம்பு கிழவன் மாதிரி நகர்ந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு யாராவது கேட்டிருப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

எலாமான் பார்த்துவிட்டான். இயற்பியல் பாடத்துக்கு என்றேன். பலகையைப் புரட்டிப் பார்த்தான், விசைப்பலகையில் ஏதோ தட்டினான். "வைஃபையே வரல. இத வெச்சு என்ன பண்ணுவ, ஆட்டுக்குத் தீனி வெக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். ஊமையாக இருந்ததால் தப்பித்தது.

பக்கத்து மருந்தகத்தில் வைஃபை இருக்கிறது. நர்ஸ் கனிஷாய் அக்காவின் குழந்தையைப் பார்த்துக்கொண்டேன், கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டாள். சாமான் அறைச் சுவர் வரை எட்டுகிறது. குச்சி வந்தால் போதும். எந்த நாள், எந்த நேரத்தில் அம்மா தனியாக இருப்பாள் என்று கேட்டு எழுதுங்கள்.

பணிவுடன்,
துமார்


பிஷ்கெக்,
டிசம்பர் 12

கண்ணு துமாருக்கு,

நலம். நீயும் நலமாக இரு. சளி பிடிக்காமல் காதை மூடிக்கொள்.

தோர்தோயில் இரும்புச் சரக்குப் பெட்டிகளுக்குள் இருக்கும் கடைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிவிட்டேன். "புதுசு இருக்குக்கா, பத்து மடங்கு வேகம்" என்கிறார்கள். புதியதெல்லாம் மூடிய கோப்பு கேட்பவை. பழையது வேண்டும் என்றால் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். தேடிக்கொண்டிருக்கிறேன்.

பாம்பின் வேகத்தை நீ மாற்றியதைச் சனிக்கிழமைக் கூட்டத்தில் சொன்னேன். மூத்தவர் எழுந்து நின்று தேநீர்க் கிண்ணத்தை உயர்த்தினார்.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
சித்தி


தெரெக்-சூ,
ஜனவரி 6

அன்புள்ள சித்திக்கு,

நலமா? காலுறை சரியாக இருக்கிறது. பனி ஜன்னல் வரை ஏறிவிட்டது. எல்லோரும் நலம்.

வைஃபை, சந்தை, சளி எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள். அம்மா எப்போது தனியாக இருப்பாள் என்று கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் பதில் இல்லை. மறந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு அம்மா கூப்பிட்டாள். எப்போதும்போல முதலில் பெரியப்பாவைத்தான் விசாரித்தாள். "பெரிய வீட்டு மூத்தவர் நல்லா இருக்காரா?" அம்மா இந்த வீட்டு மருமகள், அவர் பெயரைச் சொல்லக் கூடாதே. இங்கே எந்த மருமகளும் சொல்வதில்லை. பெரியம்மா இன்னும் மோசம். அவளுடைய மாமனார் பெயரில் கல் வருவதால் கல் என்றே சொல்ல மாட்டாள். "துமார், அந்தக் கெட்டிய எடுத்துக் கதவுக்கு முட்டு வை" என்பாள். எலாமான் அதையும் நடித்துக் காட்டுவான்.

அன்று பெரியப்பா நல்ல மனநிலையில் இருந்தார். "ஜூன்ல வாம்மா. வந்து இங்கயே இரு. இந்த வீட்டு மருமக இந்த வீட்டுலதான் இருக்கணும். பொண்ணும் வளந்துட்டா" என்றார். லைன் அறுந்துவிட்டதோ என்று எலாமான் போனைத் தட்டிப் பார்த்தான். பிறகு அம்மா, "வர்றேன்" என்றாள். அந்த "வர்றேன்" எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதைத்தான் அவளிடம் கேட்க வேண்டும்.

கணினிப் பாடம் எடுக்கும் ஜுமாபெக் வாத்தியாரிடம் பலகையைக் காட்டினேன். நல்ல மனிதர், யாரிடமும் சொல்ல மாட்டார். "எங்கிட்ட ஒரு கார்டு இருக்கு, அதப் போட்டா வைஃபை உடனே வரும்" என்றார். வாங்கட்டுமா?

பணிவுடன்,
துமார்


பிஷ்கெக்,
ஜனவரி 20

துமார்,

நலம். நீ நலமா?

வாங்காதே. வாத்தியார் நல்லவராகவே இருக்கட்டும். கார்டு நல்லவர் கையிலிருந்து வந்தது என்பதால் அது நல்லதாகிவிடாது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. குச்சி கிடைக்கும்வரை காத்திரு.

நீ கேட்ட மற்றதற்கு இப்போது பதில் எழுத முடியாது. காரணம் கேட்காதே. கடிதம் என்பது வழியில் யார் கையிலும் விழக்கூடிய ஒன்று. உன் நல்லதுக்குத்தான் என்பதை மட்டும் நம்பு.

சித்தி


தெரெக்-சூ,
பிப்ரவரி 2

அன்புள்ள சித்திக்கு,

நலமா? நலம்.

திறந்து பார்க்க முடியாத எதையும் நம்பாதே என்று எழுதியது நீங்கள். இப்போது, திறக்க மாட்டேன், ஆனால் நம்பு என்கிறீர்கள். "உன் நல்லதுக்குத்தான்" என்று இந்த வீட்டிலும் சொல்கிறார்கள். என் போனில் போட்டதும் என் நல்லதுக்குத்தானாம்.

கோபத்தில் எழுதிவிட்டேன். மன்னியுங்கள். ஆனால் எழுதியதைக் கோடு போட்டு நீக்கப் போவதில்லை.

அம்மா உயிரோடுதானே இருக்கிறாள்? ஞாயிற்றுக்கிழமை பேசுவது அவள்தானே? ராத்திரியில் இப்படியெல்லாம் தோன்றுகிறது. சீக்கிரம் எழுதுங்கள்.

துமார்


தெரெக்-சூ,
மார்ச் 22

அன்புள்ள சித்திக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் போன கடிதத்துக்குப் பதில் வரவேயில்லை. கணவாயில் பனிச்சரிவு, வேன் ஓடவில்லை என்றார்கள். அது நீங்கிப் பல நாள் ஆகிறது. தோக்தோசுன் அண்ணன் ஒவ்வொரு முறையும் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிடுவார், நான் ஓடி ஏமாற வேண்டாம் என்று.

நான் வாத்தியாரின் கார்டை வாங்கிப் போட்டுவிட்டேன்.

திட்டுங்கள். ஆனால் முதலில் இதைக் கேளுங்கள். நேற்று நௌரூஸ், வசந்தப் புத்தாண்டு. எல்லோரும் மைதானத்தில் குதிரைப் பந்தயம் பார்க்கப் போயிருந்தார்கள். வயிற்று வலி என்று நான் வீட்டில் இருந்துவிட்டேன். கார்டைப் போட்டதும் படம் போட்ட திரை வந்தது, வழவழவென்று. எழுத்து ஓடவில்லை. எதையும் சொல்லவில்லை. மருந்தகத்து வைஃபை உடனே வந்துவிட்டது. அம்மாவை அழைத்தேன்.

"பக்கத்துல யாரு?" அதுதான் அவள் முதலில் கேட்டது.

"யாரும் இல்லம்மா."

"அஜார் குடுத்த பொட்டிதானே?"

"ஆமா" என்றேன். பெட்டி நீங்கள் கொடுத்ததுதானே, சித்தி.

அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, "சபார்பெக் எப்ப வருவாரு?" என்றாள்.

பெரியப்பாவின் பெயர். அம்மா வாயிலிருந்து அதை நான் கேட்டதே இல்லை. என் காது சுட்டது. ஏதோ அம்மணமாக ஒன்றைப் பார்த்துவிட்டதுபோல இருந்தது. அவளுக்குத் தான் சொன்னதே தெரியவில்லை, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அவள் இனி இந்த வீட்டு மருமகள் இல்லை என்று அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் சொல்லக் கூடாத பெயர்கள் வேறு ஏதோ வீட்டில் இருக்கின்றன.

"கல்யாணம் பண்ணிக்கிட்டியாம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் அங்கே ஒரு குழந்தை அழுதது.

எல்லாம் சொன்னாள். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓஷ் பக்கத்துக்காரர், ரொட்டிக் கடையில் அவளோடு வேலை செய்கிறவர். எனக்கு ஒரு தம்பி, பெயர் தெமிர்லான், இரண்டு பல் முளைத்திருக்கிறது. "தெரிஞ்சா உன்ன விட மாட்டாங்க. எங்க ரத்தம் அடுத்தவன் ரொட்டியத் தின்னு வளரக் கூடாதும்பாங்க. ஜூன்ல பழைய மருமகளாவே வர்றேன். தலையில துணியக் கட்டி, குனிஞ்சு டீ ஊத்திக் குடுக்குறேன். லீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி உன்ன எடுத்துட்டு வந்துடுறேன். திருப்பி அனுப்ப மாட்டேன். அதுவரைக்கும் வாயத் திறக்காத."

தம்பியை ஒருமுறை அழவிடச் சொல்லிக் கேட்டேன். சிரித்துவிட்டாள். ஆனால் அதற்குள் அவன் தூங்கிவிட்டான்.

இப்போது எனக்கு உங்கள் மீது கோபம் இல்லை. ஜூன் வரை பொறுத்துக்கொள்வேன். நீங்கள் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அன்புள்ள,
துமார்


பிஷ்கெக்,
மார்ச் 29

துமார்,

நலம் விசாரிக்க நேரமில்லை, வேன் நிற்கிறது.

உன் அம்மாவின் சம்மதம் இல்லாமல் எதையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பதில் வரும்வரை உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதாமலே இருந்துவிட்டேன். உன்னிடம் தானே சொல்லிவிட்டதாக அவள் எழுதிய அன்றே உன் கடிதமும் வந்தது. என் தவறுதான்.

அந்தக் கார்டைத் தயார் செய்தது யார்? வாத்தியாரா? அவருக்கு யார் கொடுத்தது? இதை உடனே கேள். கேட்கும்வரை அதைப் போடாதே, அம்மாவை அழைக்காதே.

குச்சி கிடைத்துவிட்டது. உலர்ந்த ஆப்ரிகாட் பழப் பையில் இருக்கிறது. நான் முதலில் அனுப்பிய கார்டோடு போடு.

சித்தி


தெரெக்-சூ,
ஏப்ரல் 4

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இது நீளமாக இருக்காது.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டில் எலாமானுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். கிண்ணத்தை வாங்கிக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "உங்கம்மா இப்பல்லாம் எங்கப்பாவப் பேர் சொல்லித்தான் கூப்புடுறாங்க போலருக்கு" என்றான். ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றான். நான் பெரியம்மாவுக்கும் ஊற்றினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. எப்படி என்று தெரியவில்லை.

மறுநாள் வாத்தியாரிடம் கேட்டேன். "உங்க அண்ணன்தாம்மா பள்ளிக்கூடத்துக்குக் கார்டெல்லாம் போட்டுத் தர்றான், தங்கமான பையன்" என்றார். ஊரில் வேறு யார் போட்டுத் தருவார்கள்? நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. வாத்தியார் நல்லவரா என்று மட்டும்தான் யோசித்தேன்.

எலாமான் தொழுவத்தில் என்னைப் பிடித்தான். முகத்தில் கோபமே இல்லை. "ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். உன் அண்ணன் நான். நீ பாட்டுக்குப் பேசு. அந்தப் பொட்டிய மட்டும் அணைக்காத, கார்ட மாத்தாத. அணைஞ்சா எனக்குத் தெரிஞ்சுடும். அன்னைக்கே அப்பாகிட்டச் சொல்லிடுவேன்" என்றான்.

எதற்கு என்று கேட்டேன்.

"கேக்க நல்லாருக்கு. உன் தம்பி நல்லா அழுவுறான்."

அதன் பிறகு பெட்டியை அணைக்கவில்லை. அதன் முன்னால் உடை மாற்றவில்லை, பாடம்கூட வாய்விட்டுப் படிக்கவில்லை. அம்மாவை அழைக்கவும் இல்லை. அவன் சாப்பாட்டில், "என்ன துமார், ரேடியோல ரெண்டு நாளா நிகழ்ச்சியே இல்ல?" என்றான். பெரியப்பா, எந்த ரேடியோ என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஜூன் வரை இப்படி இருக்க முடியுமா என்று பார்த்தேன். ஜூனில் முடிந்துவிடும் என்றும் தோன்றவில்லை. இந்த ரகசியம் அவனிடம் இருக்கும்வரை அவன் கேட்டுக்கொண்டேதான் இருப்பான். இன்று கேட்பது பேச்சை. நாளை வேறு ஏதாவது கேட்பான்.

இன்று உங்கள் பை வந்தது. எல்லோரும் படுத்த பிறகு அவன் கார்டைப் பிடுங்கிவிட்டேன். உங்களுடையதைப் போட்டேன், குச்சியைச் செருகினேன். வெள்ளை எழுத்துகள் இறங்கின. நான் எல்லாவற்றையும் படித்தேன். குச்சியைக் கண்டேன் என்றது. அதற்கான கோப்பு இருக்கிறது என்றது. பச்சை விளக்கு எரிந்தது. மருந்தகத்தின் பெயர் வந்ததும் அழுகை வந்துவிட்டது.

அம்மாவை அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "இப்ப என்ன பண்றது துமார்?" என்றாள். என்னைக் கேட்கிறாள். அம்மா இவ்வளவு சின்னவள் என்று எனக்கு இதுவரை தெரியாது.

"நானே பெரியப்பாகிட்ட சொல்லிடுறேன்மா" என்றேன்.

வேண்டாம் என்றாள். வேண்டாம், வேண்டாம் என்று குழந்தையைத் தட்டுவதுபோலச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு நிறுத்தினாள். "எப்படிச் சொல்லுவ?" என்றாள். எங்கம்மாவுக்கு வேற வீடு ஆயிடுச்சு, எனக்கு ஒரு தம்பி இருக்கான், எனக்கு அவங்ககூட இருக்கணும், அப்படித்தான் சொல்வேன் என்றேன். "சரி, சொல்லு" என்றாள். "சபார்பெக் கைய ஓங்க மாட்டாரு. கத்துவாரு. கத்தட்டும்."

எனக்கு ஒன்று தெரியும், சித்தி. அவர் விடாவிட்டால் ஜூன் போய்விடும். அடுத்த வருடமும் போகலாம். இந்த அறையில் நானும் டிவியும் மட்டும் இருப்போம். ஆனால் எலாமானிடம் இருப்பது நாங்கள் மறைத்தது மட்டும்தான். மறைக்காவிட்டால் அவனிடம் ஒன்றும் இல்லை. பெரியப்பா என்னிடமிருந்து நேராக ஒரு வார்த்தைகூட இதுவரை கேட்டதில்லை. கேட்டால் என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும்.

காலையில் அவர் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போகும்போது கூடப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். எலாமானின் அறையில் இப்போது விளக்கு எரிகிறது. பேச்சுக் குரல் கேட்கிறது. அவனுடையது மட்டும் இல்லை. யாரோ நடந்து வருகிறார்கள்.

கதவைத் தட்டுகிறார்கள். எலாமான் தட்ட மாட்டான், திறந்துகொண்டு வருவான். இது பெரியப்பா. அவன் எவ்வளவு சொன்னானோ தெரியாது. மீதியை நான்